அவர் வாசிக்க, நிர்மலா அடிக்க

நிர்மலாதேவியின் கதையைச் சொல்வதென்றால், அவள் கணேஸ்வரனை ‘அண்ணே’ என்று கூப்பிட்ட நாளிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். அதற்கு முன்னால் அவள் வாழ்ந்த வாழ்க்கையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளைப் பாடாய்ப் படுத்தியது அந்த ஒரு வார்த்தைதான். அவள் அதைச் சொன்னபோது நானும் அதே அறையில் இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

என் பெயர் சாந்தி. 1995-இல் அலோர் காஜாவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் தற்காலிகமாக ஓர் ஆய்வு அலுவலகம் திறந்தார்கள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்து, தாமான் தாமானாகக் குடியிருப்புகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம்மவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், இன்னும் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, கணினியில் ஏற்றி, அறிக்கை எழுத வேண்டும். கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகும் டாக்டர் ஜெயமணி என்ற அம்மையார்தான் பொறுப்பு. மற்ற நாட்களில் மாடியில் மூன்றே பேர். சாயங்காலங்களில் மோட்டார் சைக்கிளில் போய் வீடு வீடாகக் கேட்டு வருபவர் கணேஸ்வரன். அவர் நிரப்பிக் கொண்டுவரும் கேள்விப் பாரங்களில் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ஓர் எண் போடுபவள் நான். அந்த எண்களைக் கணினியில் அடிப்பவள் நிர்மலா.

அவள் ரெம்பியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா வீரமுத்து தோட்டத்து லோரியில் வேலை செய்தார். அவள் பள்ளியில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா இருசம்மாள் கித்தாப் பால் மரம் வெட்டி ஒற்றை மகளைப் பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் வரை படிக்க வைத்தார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. நிர்மலா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, தட்டச்சு வகுப்பில் சேர்ந்தாள். கணக்காளர் ஒருவரிடம் சில வருடம் வேலை பார்த்தாள். தாயும் மகளும் அலோர் காஜாவில் ஒரு மலிவு வீட்டுக்குக் குடிவந்தார்கள். வந்த வரன்களெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயின. எங்களிடம் வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது.

முதல் நாள் இருசம்மாளும் கூடவே வந்தார். படியேறி வந்ததும் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். கல்யாணமான என்னைப் பார்த்ததும் முகத்தில் நிம்மதி. கணேஸ்வரனைப் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. முப்பதைத் தாண்டிய, மீசையை ஒழுங்காகக் கத்தரித்த, கல்யாணமாகாத ஆண். நேராக அவர் மேசைக்குப் போனார்.

“தம்பி, எம் பொண்ணு கூடப் பொறந்தவங்க இல்லாம வளந்தவ. நீங்கதான் ஒரு அண்ணனா இருந்து பாத்துக்கணும்.”

கணேஸ்வரன் எழுந்து நின்று, கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார். இருசம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தார். நிர்மலாவும் நல்ல பிள்ளையாக, “வணக்கம் அண்ணே” என்றாள். முடிந்தது கதை.

எங்கள் ஊரில் அண்ணன் ஆகாத ஆண்பிள்ளை ஏது? கடையில் மீ கோரேங் பிரட்டுகிறவர் அண்ணன், பஸ் ஓட்டுகிறவர் அண்ணன், வங்கி வாசலில் நிற்கிற காவலாளியும் அண்ணன்தான். வேலைக்குப் போகிற பெண்கள் யார் வாயிலும் விழாமல் இருக்கக் குடை பிடிப்பதுபோல அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அதை யாரும் உறவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பெற்ற தாய் முன்னால் நின்று கேட்டு, பெண் வாய்திறந்து கூப்பிட்டு, ஆண் தலையாட்டிவிட்டால் விஷயம் வேறு. அதிலும் கணேஸ்வரன் மாதிரி ஆளிடம். அவருக்கு அம்மா சின்ன வயதிலேயே இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. டுரியான் துங்காலில் அப்பா ரங்கசாமியும் அவருமாக இரண்டு ஆண்கள் மட்டும் இருக்கிற வீடு. ‘அண்ணே’ என்ற அழைப்பு அவருக்குப் பெரிய சொத்து கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அன்று மதியமே தங்கச்சிக்கு என்று ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு வாங்கவில்லை.

பாரங்களை ஏற்றுகிற மென்பொருளை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது டாக்டர் ஜெயமணி. திரை முழுக்க வெறும் கட்டங்கள். குறுக்கே போகிற ஒரு வரி ஓர் ஆள். மேலிருந்து கீழே இறங்குகிற ஒரு பத்தி ஒரு கேள்வி. பத்தியின் தலையில் இரண்டு முறை சொடுக்கினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது, நடுவில் இடைவெளியும் கூடாது. அதில் விழப்போவது எண்ணா எழுத்தா என்று வகை சொல்ல வேண்டும். ஒன்று என்றால் ஆண், இரண்டு என்றால் பெண் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் விளக்கம் எழுத வேண்டும். பதில் சொல்லாதவர்களுக்கு ஒன்பது போட்டு, இந்த ஒன்பதை எண்ணிக்கையில் சேர்க்காதே என்று கணினிக்குச் சொல்லி வைக்க வேண்டும். எனக்குப் பத்து நிமிடத்தில் தலை சுற்றியது. நிர்மலா கோலம் போட உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

பாரம் மலாயில் இருந்ததால் பெயர்களையும் மலாயிலேயே வைத்தாள். வயதுக்கு உமூர், கல்யாணத்துக்கு கஹ்வின். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு ஹுபுங்கான். ரோமன் எழுத்தில் அது சரியாக எட்டு எழுத்து. மற்ற பெயர்களில் பாதியை வெட்டிச் சுருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு நீளப் பெயர் முழுசாக உள்ளே போனதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒன்று குடும்பத் தலைவர், இரண்டு மனைவி அல்லது கணவர், மூன்று பிள்ளை, நான்கு பெற்றோர், ஐந்து கூடப் பிறந்தவர், ஆறு மற்ற சொந்தம். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.

அவ்வளவு ஆசையாக ஆரம்பித்தவள் வயதுப் பத்தியில் சறுக்கினாள். சில பாரங்களில் வயதுக்கு நேரே ‘அறுபதுக்கு மேல்’ என்று எழுதியிருந்தது. எண் வகையில் அது விழாதே என்று அவள் அந்தப் பத்தியையே எழுத்து வகையாக வைத்துவிட்டாள். இரண்டு தோட்டம் ஏற்றி முடித்த பிறகு டாக்டர் வந்து சராசரி வயது கேட்டார். எழுத்துக்கு ஏது சராசரி? எண் வகைக்கு மாற்றினால் அந்த அறுபதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் வெறும் புள்ளியாகிப் போனார்கள். வகையை முதலிலேயே முடிவு பண்ண வேண்டும், அடித்த பிறகு மாற்றினால் சேதாரம்தான் என்று டாக்டர் கடிந்துகொண்டார். நிர்மலாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் கணேஸ்வரன் எழுந்தார். தப்பு தன்னுடையது என்றார். அந்தப் பெரியவர்களிடம் பிறந்த தேதி இருக்கிற ஐ.சி. அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்து எழுதியிருக்க வேண்டும், தனக்குத்தான் தோன்றவில்லை என்றார். மறுநாளே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி அந்த இரண்டு தோட்டத்துக்கும் திரும்பப் போனார். எல்லோருடைய வயதையும் எழுதிக்கொண்டு வந்து அவள் மேசையில் வைத்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. எனக்குத் தெரிந்து, நிர்மலாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நாளில்தான். ஈரத்தில் ஒட்டிப்போன அந்தத் தாள்களை அவள் காற்றாடிக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காயவைத்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவள் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் அடிக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அடிக்கிறவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கக் கூடாது. கணேஸ்வரனின் கையெழுத்தோ கோழி கிளறியது மாதிரி இருக்கும். பாவம், தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்றுகொண்டு, மோட்டார் சைக்கிள் சீட்டில் தாளை வைத்துப் பென்சிலால் எழுதியது. என் சிவப்பு எண்ணும் அதில் பல இடங்களில் காணாமல் போகும். அதனால் வாசிக்கிற வேலை அவருக்கே வந்தது. காலையிலிருந்து மதியம் வரை அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வாசிப்பார். “ரெண்டு. ஒண்ணு. நாப்பத்தி மூணு. ரெண்டு. ஒம்பது.” ஒரு வரி முடிந்ததும் அவள் “ம்” என்பாள். அவர் அடுத்த வரிக்குப் போவார்.

சும்மா எண்ணை மட்டும் வாசித்துவிட்டுப் போயிருந்தாலும் அவள் தப்பித்திருப்பாள். அவர் நடுநடுவே அந்த வீட்டைப் பற்றியும் சொல்வார். இந்த வீட்டில் ஒரு ஐயா கேள்வி கேட்கக் கேட்க ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார் என்பார். இது அணைக்கட்டுப் பக்கம், இந்த அம்மா தன் கடைசி மகளுக்கு என்னை மாப்பிள்ளை கேட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். நிர்மலாவின் விரல் அந்த இடத்தில் மட்டும் ஒரு நொடி நிற்கும்.

அவளாக என்னிடம் வாயைத் திறக்கச் சில மாதங்கள் ஆயின. மதியம் நாங்கள் இருவரும் பின்பக்கப் படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அவர் வாசிக்கும்போது எண் காதில் விழுவதே இல்லை, குரல்தான் விழுகிறது என்றாள். சனி ஞாயிறில் வீட்டில் துணி துவைக்கும்போதுகூட அந்தக் குரல் ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். திங்கட்கிழமை படியேறும்போது அவருடைய மோட்டார் சைக்கிள் கீழே நிற்பதைப் பார்த்தால்தான் மூச்சே வருகிறதாம். எண்ணே காதில் விழாதவள் அடித்ததில் தப்பு இருக்க வேண்டுமே என்று நான் அவள் அடித்த வரிகளைப் பாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தப்புகூட இல்லை. காதல் வந்தவளுக்குக் கை எப்படி இப்படி ஓடும் என்று எனக்கு விளங்கவில்லை.

சொல்லிவிடு என்றேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணே என்று கூப்பிட்டு, அம்மா முன்னால் கும்பிட்டு, இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்றாள். அம்மாவுக்குத் தெரிந்தால் உயிரையே விட்டுவிடுவார் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நான் என் வீட்டுக்காரரைச் சந்தித்த முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிட்டவள். இன்று வரை அப்படித்தான் கூப்பிடுகிறேன், ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. ஆனால் எல்லோருக்கும் என் வாய் இருக்குமா?

தீபாவளி வந்தது. கணேஸ்வரன் தன் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். தங்கச்சிக்கு என்று ஒரு சேலை, இருசம்மாளுக்கு ஒரு சேலை. மகன் இல்லாத வீட்டுக்கு மகன் சேலை கொண்டுவந்துவிட்டான் என்று இருசம்மாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் எடுத்துக் காட்டினாராம். கணேஸ்வரன் நெற்றியில் திருநீறு பூசி, எனக்குப் பிறக்காத பிள்ளை என்று சொல்லி அழுதாராம். நிர்மலா சமையலறையில் முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே வரமுடியாமல் நின்றிருக்கிறாள். அவர் வாங்கித் தந்த சேலை இருக்கிறது, அதைக் கட்டினால் தங்கையாகத்தான் கட்ட வேண்டும். இதைவிட ஒன்றும் கொடுக்காமலே இருந்திருக்கலாமே அக்கா என்று என்னிடம் சொன்னாள்.

புது வருடம் பிறந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். நேராகச் சொல்லத் துணிவில்லாதவள், அந்த வார்த்தையை மட்டும் மெல்ல விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் இருந்தாள். “அடுத்தது?” என்பாள். “இங்க பாருங்க” என்பாள். கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் எழுந்து அவர் பக்கத்தில் போய் நிற்பாள். நாலைந்து வாரம் இப்படியே ஓட்டினாள். நானும் ஒன்றும் தெரியாதவள் போல் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் விட்டுப்போனால் மனிதருக்கும் மறந்துபோகும் என்று நானும்தான் நம்பினேன்.

ஒருநாள் அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, எம்மேல எதும் கோவமா? அண்ணேன்னு கூப்பிட்டு ரொம்ப நாளாச்சே.”

முகத்தில் அத்தனை வருத்தம். நிர்மலா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இல்ல அண்ணே” என்றாள். நான் மேசை இழுப்பறையை அறைந்து சாத்தினேன். கணேஸ்வரன் என்னைப் பார்த்து, பென்சில் ஏதாவது தொலைந்துவிட்டதா அக்கா என்று கேட்டார். நல்லவர்களோடு குப்பை கொட்டுவது லேசில்லை. கெட்டவன் என்றால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி நடுவில் பாரங்கள் தீர்ந்துபோயின. மாத முடிவில் அலுவலகத்தை மூடப் போகிறார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை, தரவைச் சுத்தம் செய்வது. ஒவ்வொரு பத்தியிலும் எந்தெந்த எண் எத்தனை முறை விழுந்திருக்கிறது என்று கணினி ஓர் அட்டவணை போட்டுத் தரும். இருக்கக் கூடாத எண் ஏதாவது இருந்தால் அந்தப் பாரத்தைத் தேடி எடுத்துத் திருத்த வேண்டும். அதற்கு உட்கார்ந்த நாள் காலை பஸ் ஸ்டாண்டிலேயே நிர்மலா என்னிடம் சொல்லிவிட்டாள், இன்றைக்கு எப்படியாவது பேசிவிடப் போகிறேன் என்று. இந்த மாடி இல்லாமல் போனால் அவரைப் பார்க்கவும் முடியாது, அந்தக் குரலைக் கேட்கவும் முடியாது. சொல்லாமல் விட்டுவிட்டு அம்மாவோடு வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்றாள். முகம் கழுவி, பவுடர் போட்டு, கனகாம்பரம் வைத்திருந்தாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

ஹுபுங்கான் அட்டவணையில் ஓர் ஏழு இருந்தது. ஆறு வரைக்கும்தான் எண். ஏழு எங்கிருந்து வந்தது என்று மூவரும் பார்த்தோம். பாரத்தைத் தேடி எடுத்தேன். ரெம்பியா பக்கத்து வீடு, குடும்பத் தலைவர் பெயர் சாமிக்கண்ணு. அந்த ஏழு என் சிவப்புப் பேனா போட்டதல்ல, கணேஸ்வரனே பென்சிலால் போட்டது. அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. அந்த வீட்டில் முத்தாயி என்று ஓர் அம்மா இருக்கிறாராம். வேறு ஏதோ தோட்டம் மூடியபோது யாருமில்லாமல் வந்தவராம். இரத்த சொந்தம் எதுவும் இல்லை. என்ன உறவு என்று கேட்டதற்கு, என் தங்கச்சி என்றாராம் சாமிக்கண்ணு. கூடப் பிறந்தவரா என்று கேட்டதற்கு, என்னை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டு இந்த வாசலுக்கு வந்தது, அதற்கு மேல் என்ன கேள்வி என்று கோபித்துக்கொண்டாராம். என்ன எண் போடுவது என்று தெரியாமல் இவர் ஏழு என்று புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நானும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

“இப்ப என்ன போட?” என்றாள் நிர்மலா.

“அஞ்சு போடும்மா. கூடப் பொறந்தவங்கதான். யோசிச்சுப் பாத்தா பெரியவர் சொன்னது சரி. அண்ணேன்னு கூப்பிட்டுட்டா அது உறவுதானே.”

அவள் அடிக்கவில்லை. வலது கை விசைகளின் மேலேயே இருந்தது. முகத்தைத் திருப்பாமல், திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“கூப்பிட்டத மாத்திக்க முடியாதா?”

இத்தனை மாதமாக அவள் மனதில் இருந்த மொத்தமும் அந்தக் கேள்வியில் இருந்தது. கணேஸ்வரன் சிரித்தார். அவள் முத்தாயியைப் பற்றிக் கேட்கிறாள் என்றே நினைத்துவிட்டார்.

“அது எப்படிலா முடியும்? ஒரு தடவ தங்கச்சின்னு மனசுல வெச்சுட்டா, அப்பறோம் வேற மாதிரி நெனைக்கறதே பாவம்மா.”

நிர்மலா ஐந்தை அடித்தாள்.

அதோடு அவர் விட்டிருந்தாலும் பரவாயில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் வெட்கம். இதைச் சொல்ல ஒரு வாரமாகவே நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். ஜாசினில் பெண் பார்த்துவிட்டு வந்தார்களாம், பெயர் புனிதாவாம், போன ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட்டாயிற்றாம், மே மாதம் கல்யாணமாம்.

“எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னு உனக்குத்தான் தெரியுமே. நாத்தனார் முடிச்சு நீதாம்மா போடணும்.”

எங்கள் கல்யாணங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். அடுத்த இரண்டையும் போடுவது மாப்பிள்ளையின் தங்கையோ அக்காளோதான். விளக்கோடு பெண்ணுக்குப் பின்னால் நிற்பதும் அவள்தான். அந்த இடத்துக்குத்தான் இவளைக் கேட்டார். கேட்டுவிட்டு, அவள் மகிழ்ச்சியாகச் சிரிப்பாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதரை உலுக்க வேண்டும் போல இருந்தது. கண்ணைத் திற ஐயா, உன் பக்கத்தில் ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

“சரி அண்ணே,” என்றாள் நிர்மலா. பிறகு அட்டவணையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நான் அவளை விடவில்லை. அந்த ஆளுக்கு நீ கேட்டதே விளங்கவில்லை, கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்கு உடைத்துக் கேள், உனக்கு வாய் வராவிட்டால் நான் கேட்கிறேன் என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழுதாள். சத்தமில்லாமல், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“விளங்காம சொன்னாரே அக்கா, அதுதான் நெஜம். விளங்கியிருந்தா நான் நோகக் கூடாதுன்னு வேற ஏதாச்சும் சொல்லியிருப்பாரு.”

அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்குப் போகாதே என்று மட்டும் பலமுறை சொல்லிப் பார்த்தேன். காய்ச்சல் என்று சொல், கால் சுளுக்கிவிட்டது என்று சொல், நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. அலுவலகம் மூடிய பிறகு மலாக்கா பட்டணத்தில் வேறு ஒரு வேலையில் சேர்ந்திருந்தாள், அங்கேயும் எண்களைக் கணினியில் ஏற்றும் வேலைதான். அங்கே வாசிப்பதற்கு யாரும் இல்லை. அவளே பார்த்து அவளே அடிக்க வேண்டும். ஒரு வரி முடிந்ததும் தன்னை அறியாமல் “ம்” என்று சொல்லிவிடுவதாகவும், பக்கத்து மேசைக்காரி சிரிப்பதாகவும் போனில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே மாதம் டுரியான் துங்காலில் கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. நான் என் வீட்டுக்காரரோடு போய் முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன். நிர்மலா விளக்கை ஏந்திக்கொண்டு மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். இருசம்மாள் மாப்பிள்ளையின் தாய் இடத்தில் தானே நின்று, சொந்த மகன் கல்யாணம் மாதிரி ஓடியாடிக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் என்று குரல் வந்தது. நிர்மலா விளக்கைப் பக்கத்தில் இருந்த சிறுமியிடம் கொடுத்தாள். கணேஸ்வரன் குனிந்து முதல் முடிச்சைப் போட்டார். போட்டுவிட்டு, மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனியையும் அவள் கையில் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை மாதம் வேலை செய்தவர்கள், அவர்கள் விரல்கள் தொட்டுக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அவள் இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள். அவசரப்படவில்லை. ஐயர் சீக்கிரம், சீக்கிரம் என்றார். அவள் கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்து, முடிச்சு இறுகிவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். மேளச் சத்தத்தில் எல்லோரும் அட்சதை போட்டார்கள். என் கையில் இருந்த அரிசியை நான் ஆசீர்வாதமாகப் போட்டேனா, அந்த மனிதர் தலையில் எறிந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. கணேஸ்வரன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் அவளைக் கண்டுபிடித்தேன். விரலில் ஒட்டியிருந்த மஞ்சளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு அடக்க முடியவில்லை. எப்படியடி அங்கே போய் நிற்க உனக்கு மனசு வந்தது, உனக்கென்ன கல்லிலா செய்திருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

அவள் குழாயை மூடினாள்.

“அவர் கல்யாணத்துல அவருக்கு அவ்ளோ கிட்ட நிக்கறதுக்கு எனக்கு வேற எடம் ஏது அக்கா?”

உள்ளேயிருந்து யாரோ நாத்தனார் எங்கே, நாத்தனார் எங்கே என்று தேடினார்கள். பெண்ணுக்குப் பால் பழம் கொடுக்க வேண்டுமாம். நிர்மலா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இதோ வந்துவிட்டேன் என்று குரல் கொடுத்தபடி உள்ளே போனாள்.